பத்தொன்பது ராத்திரி

அத்தியாயம் ஐந்து

ஹவி எங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். பேச்சுக்காகச் சொல்லவில்லை. சுலுல்தாவிலிருந்து மலையேறி இறங்கி பியாசா வரைக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் நிஜமாகவே ஓடித்தான் வந்தாள். மினிபஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும் என்று காரணம் சொன்னாள். அவளுக்குக் கதவைத் திறக்க நாற்காலியிலிருந்து எழுந்து போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அப்போது காலை இரண்டரை மணி. எங்கள் ஊர்க் கணக்கில் பொழுது விடிந்துதான் மணி ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கும். உங்களுக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்கு மூன்று. உங்களுக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு என்றால் எங்களுக்கு ஆறு. கம்ப்யூட்டர் மட்டும் வெளிநாட்டு நேரம் பேசும். அதனால் திரையில் எந்த மணியைப் பார்த்தாலும் ஆறு மணி நேரம் தள்ளிப் படித்துக்கொள்வது அடிஸ் அபாபாவில் சின்னப் பிள்ளைக்கும் பழக்கம்.

என் முதலாளி வெய்ஸரோ ஸெனபெச், உங்கள் வழக்கில் திருமதி ஸெனபெச், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடுங்காபி குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தது போதும், இனி பெரியவர்களின் பொய்யைப் பார்ப்போம் என்று இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். நான் அவரை எத்தியே என்று கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். அவர் என்னை ஃபிக்ரு என்று கூப்பிடுவார். கோபம் வந்தாலும் அதேதான், ஆனால் வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டரை அவர் தொடமாட்டார். அதற்குத்தான் சம்பளம் கொடுத்து என்னை வைத்திருக்கிறார்.

ஹவி சொன்னது இதுதான். அவள் பச்சைக்குன்று ஓட்டக் கழகத்தில் இருக்கிறாள். அயல்நாட்டில் நடக்கும் ஒரு பத்துக் கிலோமீட்டர் பந்தயத்துக்குக் கழகத்திலிருந்து ஆறு பெண்கள் போகலாம். மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்ட பயிற்சி ஓட்டங்களின் நேரத்தை வைத்து ஹவிக்கு ஆறாவது இடம் கிடைத்திருந்தது. அவளுடைய அப்பா துலு அதே கழகத்தில் இரவுக் காவல்காரர். நேற்று, அட்டோ பிஸ்ராத், அதாவது திருவாளர் பிஸ்ராத், என்கிற அலுவலர் ஒரு காகிதத்தை எடுத்து வந்து தலைவர் முன்னால் வைத்தார். ஹவியின் நேரங்கள் உள்ள பத்தொன்பது பைல்களும் கம்ப்யூட்டர் கணக்கில் அதிகாலை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சேமிக்கப்பட்டவை. அந்த நேரத்தில் கட்டடத்தில் இருப்பது காவல்காரர் மட்டும்தான். பத்தொன்பது ராத்திரி உட்கார்ந்து மகளின் நேரத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார் என்று முடிவாயிற்று. துலுவின் காவல் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இன்று உச்சிப்பொழுது ஆறு மணிக்குப் பட்டியல் போகிறது. அதில் ஹவியின் பெயர் இருக்காது.

எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று உனக்கே தெரியாதா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஓடியவர்களிடம் நேரத்தைச் சொன்னால் தலைக்கனம் வரும் என்று கழகத்தில் ஒரு விதி. பயிற்சியாளர் நேரத்தைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரில் பதிகிற யெஷியிடம் கையை நீட்டுவார். யெஷி பதிந்து முடித்ததும் போய்க் கையைக் கழுவிவிடுவார்.

"சாட்சியத்தைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கார்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை விரதத்துல பால் காபி குடிக்கிறவன் சாட்சியத்தப் பத்திப் பேசாதே" என்றார் எத்தியே, என் கோப்பையைப் பார்க்காமலே.

பயிற்சியாளருக்குப் போன் போட்டோம். முகாமுக்கு வெளியூர் போயிருந்தார். ஹவி நன்றாக ஓடுவாள், ஆனால் எண்ணெல்லாம் ஞாபகம் இல்லை, அதற்காகத்தானே கம்ப்யூட்டர் என்றார்.

ஹவி எழுந்து நின்றாள். அவளுக்கு உட்கார்ந்து பேசத் தெரியவில்லை.

"பந்தயம் போனாக்கூடத் தாங்கிக்குவேன், எத்தியே. அந்த நேரமெல்லாம் நான் ஓடினதா, எங்கப்பா எழுதினதா? அது தெரியாம இனிமே என்னால ஓட முடியாது. நேத்து அவர்கிட்டயே கேட்டுட்டேன். 'நீங்க செஞ்சீங்களா'ன்னு. அதுலேருந்து அவர் வாயே திறக்கல."

எத்தியே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு லாடா காரின் சாவியை எடுத்தார். அந்த வண்டி மலை ஏறுகிற வேகத்தைப் பார்த்தபோது, ஹவி ஓடியே வந்திருந்தாலும் எங்களுக்கு முன்னால் போயிருப்பாள் என்று எனக்குப் பட்டது. அவளும் அப்படித்தான் நினைத்தாள், மரியாதைக்காகச் சொல்லவில்லை.

கழகத்து வாசலில், யூகலிப்டஸ் மரத்தடியில் துலு நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லை, தடி இல்லை. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வாசலை விட்டுப் போகவில்லை. பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு, காஷே துலு, நலமா என்று எத்தியே விசாரித்தார். பெரியவர் குனிந்து வணங்கினார். மகள் அவரைத் தாண்டிப் போய் மதில் ஓரம் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

உள்ளே கழகத் தலைவர் வொர்க்கு இருந்தார். பழைய ராணுவ அதிகாரி, பழைய ஓட்டக்காரர். கேப்டன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் அவரை ஷம்பெல் என்றுதான் அழைப்பார்கள். பக்கத்தில் அட்டோ பிஸ்ராத், சலவைச் சட்டையோடு, சலவைச் சிரிப்போடு. முதல் வேலையாக எங்களுக்குக் காபி சொன்னார். குற்றம் சாட்டுகிறவர் இவ்வளவு அன்பாக இருந்தால் எனக்குப் பசி போய்விடும்.

அந்தக் காகிதத்தைப் பார்த்தோம். பத்தொன்பது வரி. 03:12, 03:40, 03:27 என்று போயிற்று. ஷம்பெல் அதை எங்களுக்காக ஊர்க் கணக்கில் படித்துக் காட்டினார். கம்ப்யூட்டரில் மூன்று என்றால் நமக்கு ராத்திரி ஒன்பது தாண்டிய நேரம், சேவல்கூட எழுந்திருக்காது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். துலுவைப் பன்னிரண்டு வருஷமாக அவருக்குத் தெரியும்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்றார் எத்தியே. "ஃபிக்ரு, நீயே பார்த்துச் சொல்லு. காகிதத்துல இருக்கறது நிஜந்தானா?"

யெஷியின் மேஜையில் உட்கார்ந்தேன். யெஷி பிரசவ விடுப்பில் போனபின் அந்த நாற்காலி பிஸ்ராத்துடையதாகிவிட்டது. திரையின் மூலையில் 10:08 என்று இருந்தது. ஊரில் மற்ற கம்ப்யூட்டர்களைப் போல வெளிநாட்டு நேரம்தான். அதாவது எங்களுக்கு நான்கு மணி எட்டு நிமிஷம். பட்டியல் போக இரண்டு மணி நேரம்கூட இல்லை.

ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஒரு போல்டர், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பைல். நான் ஏழு வரியில் ஒரு நிரல் எழுதினேன். போல்டரைத் திற. முதல் பைலை எடு. எந்த நாள், எந்த நேரத்தில் சேமித்தார்கள் என்று கேள். அதை எழுதிக்கொள். அடுத்த பைலுக்குப் போய் அதையே கேள். பைல் தீர்ந்தால் நில். மினிபஸ் நடத்துநர் டிக்கெட் கேட்கிற மாதிரிதான். இவர் தலைவர், இவர் தெரிந்தவர் என்று யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டான்.

ஹவியின் போல்டரில் ஓடவிட்டேன். பத்தொன்பது பைல், பத்தொன்பதும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். காகிதத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

பிஸ்ராத் மிகவும் வருத்தப்பட்டார். தனக்கு இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை, எண்கள் பேசுகின்றன, தான் வெறும் தூதன் என்றார். ஹவி போனால் ஏழாவதாக இருக்கிற பெண் உள்ளே வருவாள் என்பதையும், அந்தப் பெண் தன் மனைவியின் தங்கை என்பதையும் அவரே முந்திக்கொண்டு சொன்னார். மறைத்தால் தப்பாக நினைப்பீர்கள் அல்லவா என்றார்.

எத்தியே காபியை உறிஞ்சினார். பிறகு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஃபிக்ரு, இந்த நடத்துநர் ஒரே ஒரு ஆள்கிட்டதான் டிக்கெட் கேட்பானா?"

"நீங்க சொன்னா எல்லார்கிட்டயும் கேட்பான், எத்தியே."

"நான் இருபத்தாறு வருஷம் வருகை எடுத்திருக்கேன். ஒரே ஒரு பிள்ளை பேரை மட்டும் கூப்பிட்டா அது வருகைப் பதிவு இல்ல, வஞ்சம். எல்லாப் பேரையும் கூப்பிடு."

பிஸ்ராத்தின் சிரிப்பு கொஞ்சம் கசங்கியது. மற்ற பிள்ளைகளின் விவரம் அந்தரங்கம், விதிமுறை இருக்கிறது என்று ஆரம்பித்தார். விதியைப் போட்டதே தான்தான், ஓடவிடு தம்பி என்று ஷம்பெல் சொல்லிவிட்டார். நான் ஒரு வரி சேர்த்தேன்: போல்டருக்குள் போல்டர் இருந்தால் அதற்குள்ளும் நுழைந்து அதையே கேள். பொத்தானை அழுத்தினேன். நாற்பத்தாறு போல்டர், ஆயிரத்து நூற்று நாற்பது பைல். நான் கையால் பார்த்திருந்தால் யெஷியின் குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும். நிரல் நான்கு விநாடியில் முடித்தது.

நான் திரையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"ஷம்பெல், ஒரு சந்தேகம். உங்க கழகத்துல நாற்பத்தாறு பேருக்கும் அப்பா ஒருத்தர்தானா?"

கடைசி மூன்று வாரத்து பைல்களைத் தவிர மற்றதில் முக்கால்வாசி அகால நேரத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. முதல் இடத்தில் இருக்கிற பெண்ணுடையதும் அப்படித்தான். கால் சுளுக்கி மூன்று மாதமாக ஓடாத பையனின் மருத்துவக் குறிப்புகூட அதிகாலை மூன்றரைக்கு.

பிஸ்ராத் லேசுப்பட்டவர் இல்லை. உடனே பதில் வந்தது. மகளுடையதை மட்டும் மாற்றினால் மாட்டிக்கொள்வோம் என்று காவல்காரர் எல்லோருடையதையும் திறந்து திறந்து சேமித்திருக்கிறார், எவ்வளவு தந்திரம் பாருங்கள் என்றார். ஷம்பெல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எத்தியே அவசரப்படவில்லை. அந்த ஆயிரத்துச் சொச்சம் நேரங்களையும் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தச் சொன்னார். வரிசையாக ஓடவிட்டேன். இரண்டில் ஆரம்பித்து மூன்று, நான்கு, ஐந்து என்று நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. 06:28-இல் ஒரு பைல். அடுத்தது 07:34. நடுவில் ஒன்றுகூட இல்லை.

"எத்தனை மாசத்து பைல் இது?" என்று கேட்டார்.

"எட்டு மாசம்."

"எட்டு மாசத்துல ஒரு நாள்கூட, ஆறரைலேருந்து ஏழரை வரைக்கும் யாரும் எதையும் சேமிக்கல. ஏன்?"

அதற்கு என் வயிறுதான் பதில் பேசியது. வெள்ளிக்கிழமை, விரதம், இன்ஜெரா ரொட்டியும் ஷிரோ குழம்பும் எப்போது கிடைக்கும் என்று அது காலையிலிருந்து மணி பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்கு எப்போதும் ஊர்க் கணக்குதான். ஆறரை என்றால் மத்தியானம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சாப்பாடு" என்றேன். "எத்தியே, அது மத்தியானச் சாப்பாட்டு நேரம்."

"ராத்திரி திருட்டுத்தனமா வேலை பார்க்கறவன் பொழுது விடிஞ்சப்புறம் சாப்பாட்டு இடைவேளை எடுத்துக்க மாட்டான்" என்றார் எத்தியே. "இந்தக் கம்ப்யூட்டர்ல அப்போ வெளிநாட்டு நேரம் ஓடல. நம்ம நேரம்தான் ஓடியிருக்கு. மூணுன்னா மூணு. ஓட்டம் முடிஞ்சு பயிற்சியாளர் கைய நீட்டற நேரம். கம்ப்யூட்டர் நம்ம கணக்குலதான் சொல்லிச்சு. நாமதான் பழக்கதோஷத்துல மறுபடியும் ஆறைத் தள்ளி அதை ராத்திரியாக்கிட்டோம்."

ஷம்பெல் போனை எடுத்து யெஷியை அழைத்தார். பின்னால் குழந்தை அழுதது. ஆறு கூட்டி ஆறு கழித்துத் தலை காய்ந்துபோய், வேலையில் சேர்ந்த முதல் நாளே கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டேன், அதில் ஏதாவது தப்பா என்று யெஷி கேட்டாள். தப்பில்லை, குழந்தையைப் பார் என்று ஷம்பெல் போனை வைத்தார். அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

பிஸ்ராத் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். தன் கண்ணே திறந்துவிட்டது என்றார். எல்லோரையும் போலத் தானும் ஏமாந்துவிட்டதாகவும், காஷே துலுவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத் தயார் என்றும் சொன்னார். ஷம்பெல்லுக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன், அறியாமல் செய்த பிழை என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நானும் கம்ப்யூட்டரை மூடப் போனேன்.

"மூடாதே, ஃபிக்ரு" என்றார் எத்தியே. "வருகை இன்னும் முடியல. இப்போ நாள் வாரியா அடுக்கு. யெஷி லீவுல போன மறுநாள் என்ன நடந்ததுன்னு பாரு."

நாள் வாரியாக அடுக்கினேன். அந்தத் திங்கட்கிழமை அகப்பட்டது. பிஸ்ராத் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள். அன்றைய முதல் பைல் 03:05-க்கு. இரண்டாவது 09:21-க்கு. அதிலிருந்து இன்றுவரை எல்லாமே ஒழுங்கான வெளிநாட்டு நேரம். சாப்பாட்டு இடைவெளிகூடப் பன்னிரண்டரைக்கு நகர்ந்துவிட்டது.

எத்தியே அந்த இரண்டு வரியையும் படித்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் பிஸ்ராத்துக்கு எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் முன்னால் இப்படி நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோர் மேலும் எனக்கு அப்போது இரக்கம் வந்தது.

"முதல் பைலுக்கும் ரெண்டாவது பைலுக்கும் நடுவுல ஆறு மணி நேரம் பதினாறு நிமிஷம். அவ்வளவு நேரமும் என்ன செஞ்சீங்க, அட்டோ பிஸ்ராத்?"

"ஞாபகமில்ல. வேலையா இருந்திருப்பேன்."

"பதினாறு நிமிஷந்தான் வேலையா இருந்தீங்க. மீதி ஆறு மணி நேரம், நீங்க கடிகாரத்தை மாத்தினது. காலையில வந்து உட்கார்ந்தீங்க, ஒரு பைலைச் சேமிச்சீங்க, நேரம் ஊர்க் கணக்குல இருக்குன்னு பார்த்தீங்க, திருத்தினீங்க. அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். யெஷியை விட்டா இந்த ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். தெரிஞ்சுதான் நாற்பத்தாறு போல்டர்ல ஒரே ஒரு போல்டரை அச்சடிச்சீங்க. காவல்காரர் பொண்ணுடையதை."

பிஸ்ராத் திரையைப் பார்த்தார், ஷம்பெல்லைப் பார்த்தார், கடைசியில் தன் காபியைப் பார்த்தார். கடிகாரத்தைத் திருத்துவது ஒரு குற்றமா என்று சன்னமான குரலில் கேட்டார். குற்றமில்லை என்றார் ஷம்பெல். மேஜையிலிருந்த பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, ஆறாவது வரியில் அடித்திருந்த பெயரை மறுபடி எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது. ஏழாவது பெண்ணின் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவள் அடுத்த முறை தன் காலால் ஓடி வரட்டும் என்றார். நீங்கள் மட்டும் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்று பிஸ்ராத்திடம் சொன்னார். ஐந்தேகால் மணிக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. நான்தான் அனுப்பினேன், இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன்.

ஷம்பெல் காவல் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களோடு வாசலுக்கு வந்தார். துலு அதே மரத்தடியில்தான் நின்றார். ஷம்பெல் கோட்டைத் தானே பிரித்து அவர் தோளில் போட்டுவிட்டார். பெரியவர் கையை நுழைத்துக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

எத்தியே ஹவியிடம் போனார். "பத்தொன்பதும் நீ ஓடினது. ஒரு விநாடிகூட யாரும் தொடல. விதியாம், நேரத்தைச் சொல்லக் கூடாதாம். நான் இந்தக் கழகத்துல இல்ல, அதனால சொல்றேன். உன் கடைசி ஓட்டம் முப்பத்திரண்டு நிமிஷம் நாற்பது விநாடி."

ஹவி அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இருபது கிலோமீட்டர் ஓடி வந்து அசராதவள், அந்தப் பத்தடியைக் கடக்கத் திணறினாள். அப்பாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றாள்.

"நான் உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா."

துலு கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். நேற்றிலிருந்து அடைத்துக் கிடந்த குரல் கரகரவென்று வந்தது.

"கேட்டதுகூடப் பரவாயில்லம்மா. ஆறாவது இடத்துக்காகவா உங்கப்பன் திருடுவான்? திருடணும்னு உட்கார்ந்திருந்தா உன்னை முதல் இடத்துலல்ல எழுதியிருப்பேன்."